முன் அனுபவம் இல்லை

இரும்பு மில்லில் அவன் பெயர் ஆசீர்வாதம். வீட்டில் ஜோசப். இரண்டுக்கும் நடுவே கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பெயரைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு போய் வந்தான். சட்டை மாற்றுகிற மாதிரிதான். அதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

கேட்டதும் மோசடி என்று சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தக் காலனிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் தேவலை. அக்காவின் சர்டிபிகேட்டில் தங்கச்சி மாத்திரைக் கம்பெனிக்குப் போவாள். மாமன் பெயரில் மச்சான் செக்யூரிட்டியாக நிற்பான். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த குடும்பங்களை சிப்காட் வந்து கூப்பிட்டபோது வீட்டுக்கு ஒரு பத்தாங்கிளாஸ் பாஸ் இருந்தாலே அதிகம். அது குடும்பத்துக்குப் பொதுச் சொத்து. வீட்டில் இருக்கிற ஒரே சைக்கிளை யாருக்கு அவசரமோ அவர் எடுத்துக்கொண்டு போவதில்லையா, அப்படி.

ஜோசப் பத்தாவதில் கணக்கில் போய்விட்டான். அண்ணன் ஆசீர்வாதம் பாஸ். மில்லுக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி சின்னதுரை, “பத்தாவது பேப்பர் இருந்தா நாளைக்கே வா” என்று சொன்ன அன்று சாயங்காலம், அண்ணன் டிரங்குப் பெட்டியிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்துத் தம்பி மடியில் போட்டான்.

“எனக்கு அந்தச் சூடு ஆவாது நைனா. நான் பெயிண்ட் அட்ச்சிக்கினு காத்தாட இருந்துக்கிறேன். பேருதான, எட்த்துனு போ. திருப்பிக் குடுக்கசொல்ல மட்டும் அழுக்காக்காம குடு.”

சிரித்துக்கொண்டு சொன்ன பேச்சு. திருப்பிக் கொடுக்கிற நாள் ஒன்று வரும் என்று அண்ணனும் நினைக்கவில்லை, தம்பியும் நினைக்கவில்லை. பிற்பாடு ஆதார் வந்தது, பி.எஃப். வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தன் அட்டையைக் கொடுத்தான், தன் போனுக்கு வந்த எண்ணைச் சொன்னான். மில் அடையாள அட்டையில் பெயர் அண்ணனுடையது, மூஞ்சி தம்பியுடையது.

ஆரம்பத்தில் கீழே ஹெல்பர். நாலாவது வருடம் கிரேனில் ஏறினான். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதில் தொங்குகிற தகரக் கூண்டுதான் அவன் இடம். உலையிலிருந்து எழும்புகிற சூடு முதலில் வந்து விசாரிப்பது அவனைத்தான். உப்புப் போட்ட தண்ணீர் இரண்டு பாட்டில், நனைத்த துண்டு ஒன்று, காலையில் மனைவி செண்பகம் கட்டிக் கொடுத்த நாஷ்டா, இவ்வளவுதான் துணை. கீழே இரைச்சலில் பேச்சு எடுபடாது. எடுபட்டாலும் நிற்பவர்களில் பாதிப் பேர் பீகாரும் ஒடிசாவும். எல்லாம் கைச் சாடைதான். பரசுராமன் கீழே நின்று கை காட்டுவான், இவன் மேலே லீவரைத் தள்ளுவான். விரலைச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. ஆபத்தென்றால் பரசுராமன் தோளிலிருந்து துண்டை உருவித் தலைக்கு மேல் சுற்றுவான். துண்டு சுற்றினால் எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். அந்தத் துண்டால் பிழைத்தவர்கள் நாலு பேர் இன்றும் அதே ஷெட்டில் நடமாடுகிறார்கள்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் செத்துப்போனான். காமாலை. ஆரணிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவன் கண் மஞ்சளித்துத் திரும்பி வந்தான். பதினோரு நாளில் முடிந்துவிட்டது.

மில்லுக்கு லீவு சொல்ல வேண்டும். ஆபீசில் லீவு பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜோசப் ரொம்ப நேரம் நின்றான். ஆசீர்வாதமாக வேலை பார்க்கிறவன் ஆசீர்வாதம் செத்துவிட்டான் என்று எப்படி எழுதுவான்? கடைசியில், ‘என் தம்பி ஜோசப் இறந்துவிட்டபடியால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும்’ என்று எழுதி, கீழே ஆசீர்வாதம் என்று கையெழுத்துப் போட்டான். கூட வேலை பார்ப்பவர்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மாலை வாங்கிக்கொண்டு காலனிக்கு வந்துவிடுவார்கள். வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி அழுவது?

மூன்றாம் நாள் வேலைக்குப் போனபோது பரசுராமன் மில் கேட்டிலேயே பிடித்துக்கொண்டான். ரயிலை விட்டு இறங்கி வரும் வழியில் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்திருக்கிறான்.

“யோவ் ஆசீர்வாதம், நீ செத்துட்டன்னு உங்க காலனில பேனரு கட்டிகிறாங்களேய்யா! போட்டோ வேற ஆளா இருக்கவும்தான் எனக்கு மூச்சே வந்துது. பேயாண்டயா இத்தினி நாளா கை காட்டிக்கினு இருந்தேன்னு பேஜாரா பூட்ச்சி!”

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசப்பும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவனுக்குள் என்னவோ மரத்துப்போயிற்று. அதற்கப்புறம் அழுகை வரவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. செண்பகம் மறந்துபோய் இரண்டு தடவை உப்புப் போட்ட அன்றும் சோறு தட்டில் மிச்சமில்லாமல் போயிற்று. அவள் அதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து இறங்கியபோது ஆபீசர் அன்புசெல்வன் கிரேன்காரர்கள் நாலு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்.

“எல்லாரும் போன்லயே படிக்கிற கோர்ஸுதான். கிரேன் ஆபரேட்டர் சர்டிபிகேட். வெளிநாட்டு பார்ட்டி ஆடிட்டுக்கு வர்றாங்க. திங்கக்கிழமை காலையில பேரு பதிஞ்சி, மொத பாடம் முடிச்ச சீட்டோட வரணும். சீட்டு இல்லாதவங்க கிரேன்ல ஏற முடியாது. அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

சனிக்கிழமை ஜோசப் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்ததும் செண்பகம் தாளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் பிரின்சி இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பாள். அவள் சென்னையில் நர்ஸிங் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுடைய காலேஜ் பாரத்தில் தகப்பன் பெயர் ஜோசப், தொழில் கூலி என்று இருக்கிறது. அவளிடம் இதைக் கேட்க இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

கொடியில் காயும் துணியில் மில் புகையின் கருந்தூசி வழக்கம்போல் படிந்துகொண்டிருந்தது. செண்பகம் போனை முழங்காலில் சாய்த்து வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“ஆதார் எண்ணை உள்ளிடவும். யார்து போட்றது?”

“அண்ணந்துதான். மில்லுல அதான கீது.”

“அதான், போட்டா இன்னா ஆவும்னு கேக்கறேன்.”

“இத்தினி வருசம் இன்னா ஆச்சி? போடு.”

போட்டாள். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. அவள் அதைச் சத்தமாகவே படித்தாள். “ஆள்மாறாட்டம் தண்டனைக்குரிய குற்றம்.” இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் ஒரு நாய் தகரத்தின் நிழலுக்கு நகர்ந்தது.

“நம்பரு அனுப்பிச்சிட்டானாம். உங்கண்ணன் போனுக்கு.”

“போன் அண்ணியாண்ட கீது.”

“அப்ப எழுந்திரு. போய்க்கினு வரலாம்.”

அண்ணி ஈஸ்வரி வீடு மூன்றாவது சந்து. அவள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் மூடிகளின் பிசிறைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், சீவிக் கொடுத்தால் எடைக்குக் கூலி. அண்ணன் போன பிறகு அந்தப் பிளேடை அவள் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

“வா செண்பகம். வா ஜோசப்பு. சாப்ட்டீங்களா?”

“ஆச்சி அண்ணி. அண்ணன் போன் வோணும். ஒரு நம்பர் வந்துகும்.”

“அது செத்துக் கெடக்குது. ரீசார்ஜும் இல்ல, சார்ஜும் இல்ல.”

செண்பகம் தன் போனிலிருந்தே ரீசார்ஜ் போட்டாள். அண்ணனின் போனைச் சுவரில் சொருகியதும் சிறிது நேரம் கழித்து உயிர் வந்தது. மூன்று மாதமாக வழியில் நின்ற செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. பொங்கல் வாழ்த்து. சித்திரைப் புது வருட வாழ்த்து. பெயிண்ட் கடைக்காரர். ‘எங்கப்பா இருக்க, மண்டப வேலை பாதியில நிக்குது.’ ஈஸ்வரி பிளேடைப் பிடித்தபடி அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். செண்பகம் தன் போனில் கோர்ஸ் பக்கத்தில் திரும்ப ஒரு தடவை நம்பர் கேட்டாள். கடைசியாக அது வந்தது. ஆறு எண்ணையும் தட்டினாள். திறந்துகொண்டது. ‘வணக்கம் ஆசீர்வாதம்’ என்றது.

“பாத்தியா. முட்ஞ்சிது” என்றான் ஜோசப்.

முடியவில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை வட்டத்துக்குள் காட்டவும். ஜோசப் தலையை வாரிக்கொண்டு காட்டினான். முகம் பொருந்தவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய்க் காட்டினான். பொருந்தவில்லை. அண்ணன் மாதிரி வலப்பக்கம் வகிடெடுத்துக் காட்டினான். பொருந்தவில்லை. இன்னும் ஒரு முறை மட்டுமே என்றது.

செண்பகத்தின் கண் தன்னையறியாமல் சுவருக்குப் போயிற்று. அங்கே அண்ணன் படம் மாட்டியிருந்தது. போட்டோ ஸ்டூடியோக்காரன் கோட்டு மாட்டிவிட்டிருந்த படம். ஈஸ்வரி அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள். பிளேடை முறத்தில் வைத்தாள். எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினாள். பிளாஸ்டிக் மாலையை எடுத்துக் கதவில் மாட்டிவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, ஒரு பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி போனுக்கு எதிரே பிடித்தாள்.

“அக்கா, வோணாங்க்கா” என்றாள் செண்பகம்.

“இருக்கட்டும். அவரு பேரால ஒரு சோறு ஆவுதுன்னா ஆவட்டும்.”

வட்டம் பச்சையாயிற்று. முகம் கண்டறியப்பட்டது என்றது. அப்புறம் போன் ஒரு பெண் குரலில் தெளிவாகப் பேசியது.

“கண்ணைச் சிமிட்டவும்.”

மூன்று பேரும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தான்.

“கண்ணைச் சிமிட்டவும்.”

“சிமிட்டேன்யா” என்றாள் ஈஸ்வரி. மெதுவாகத்தான் சொன்னாள். குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது சொல்கிற குரல்.

“கண்ணைச் சிமிட்டவும்.”

நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வட்டம் மறைந்தது. ஈஸ்வரி படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அழுகை மிச்சமிருக்கவில்லை போலிருந்தது.

“ஜோசப்பு, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். மூணு மாசமா சொல்ல வாய் வர்ல. விதவ பென்சனுக்கு எழுதிக் குடுக்கலாம்னு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். நாலு தபா போனேன். அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது தெரிமா? உங்க ஊட்டுக்காரரு இன்னும் வேலைக்குப் போய்க்கினு இருக்காரேம்மா, போன மாசம்கூட பி.எஃப். கட்டியிருக்குதே, அப்பிடின்னுது. சாவு சர்டிபிகேட்ட நீட்டனேன். அதயும் பாத்துது, இதயும் பாத்துது. எதும்மா நெசம்னு என்னயே கேட்டுது.”

ஜோசப் வாசற்படியில் நின்றான்.

“நீ இன்னா சொன்ன அண்ணி?”

“இன்னா சொல்றது? வந்துட்டேன். உன் பொழப்பாச்சே. ஆனா ஒண்ணு ஜோசப்பு, அந்தப் பொண்ணு வேலைக்குப் போறாருன்னு சொன்னப்ப எனக்கு ஒரு செகண்டு சந்தோசமா இருந்துது. அத நெனச்சாத்தான் என்னால இப்ப மனச ஆத்திக்க முடியல.” மடியிலிருந்த படத்தின் ஓரத்தைத் தடவினாள். “அவரு பேரத் திருப்பிக் குடுத்துடுப்பா. போதும். அவரு செத்ததா இருக்கட்டும்.”

செண்பகம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பத்தொன்பது வருட வேலை, மகள் படிப்பு, எல்லாம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஜோசப் வேண்டாம் என்று தலையாட்டினான்.

“சரி அண்ணி” என்றான்.

திரும்பி வந்து தன் ஆதார் எண்ணைத் தானே சொன்னான். நம்பர் செண்பகத்தின் போனுக்கே வந்தது. வட்டத்தில் முகத்தைக் காட்டினான். கண்ணைச் சிமிட்டவும் என்றது. சிமிட்டினான். முதல் தடவையிலேயே பொருந்திவிட்டது. ‘வணக்கம் ஜோசப்’ என்றது போன். இரும்பு வேலை சம்பந்தப்பட்ட ஒன்று அவனை அந்தப் பெயர் சொல்லி அழைப்பது அதுவே முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“கல்வித் தகுதி?”

“பத்தாவது பெயிலு. அதயே போடு.”

“இந்தத் தொழிலில் முன் அனுபவம். அஞ்சு வருசத்துக்கு மேலன்னு கீது. அதத் தொட்டா, வேலை பார்த்த கம்பெனியின் கடிதத்தை இணைக்கவும்னு கேக்குது. உன் பேர்ல ஏது கடுதாசி?” செண்பகத்தின் விரல் திரைக்கு மேலே நின்றது. “கீழ ஒண்ணு கீது. இல்லைன்னு.”

“அதயே தொடு.”

“பதினஞ்சு வருசம் மேலயே வெந்துருக்கியேய்யா!”

“வெந்தது ஆசீர்வாதம். தொடு.”

தொட்டாள். முதல் பாடம் திறந்தது. தலைப்பு, கிரேன் என்றால் என்ன. துவைத்துத் தேய்த்த நீலச் சட்டை போட்ட ஒருவர், தூசியே இல்லாத ஷெட்டில் நின்று, கிரேன் என்பது பாரம் தூக்கும் இயந்திரம் என்று நிதானமாக விளக்கினார். ஜோசப் சம்மணம் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். அப்புறம் கைச் சாடைகள். கடைசியில் ஐந்து கேள்வி. அவசரமாக நிறுத்துவதற்கான சைகை எது? முதல் விடை, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அசைத்தல். இரண்டாவது, தலைக்கு மேல் துணியைச் சுற்றுதல். செண்பகம் படிப்பதற்குள்ளேயே அவன் விரல் இரண்டாவதில் விழுந்தது. சிவப்புப் பெருக்கல் குறி. தவறு.

“பாடத்துல சொன்னானேய்யா, கைய நீட்றதுன்னு” என்றாள்.

“சொன்னான்” என்றான். “எங்க மில்லுல அப்பிடி நீட்னா கொட்டாவி வுட்றான்னு நெனச்சிப்பாங்க.” அவள் கொஞ்சம் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். மற்ற நாலும் சரி. முதல் பாடம் நிறைவு, வாழ்த்துகள் ஜோசப் என்று சீட்டு வந்தது.

திங்கட்கிழமை காலை அன்புசெல்வன் அந்தச் சீட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஜோசப் எல்லாவற்றையும் சொன்னான். நாலே வாக்கியத்தில் பத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. அவர் பீரோவிலிருந்து கோப்பை எடுத்துப் புரட்டி ஒரு தாளில் நின்றார்.

“ஜனவரியில தம்பி ஜோசப் செத்துட்டான்னு லீவு எடுத்திருக்க.”

“அத மாத்தி எழுதிட்டேன் சார்.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் ஆடிட் இருக்கிறது. “இதை நான் மேல கொண்டு போனா போலீஸு கேஸுன்னு போகும். ஆசீர்வாதம் பேர்ல ராஜினாமா எழுதிக் குடுத்துடு. புது ஆளா, கான்ட்ராக்ட்ல ஜோசப்னு வா. சர்டிபிகேட் வர்ற வரைக்கும் கீழ ஹெல்பர். அப்புறமும் மேல ஏத்துவேன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. சர்வீஸ் எல்லாம் போச்சு, தெரியுதா?”

“தெர்து சார்.”

கடைசித் தடவையாக ஆசீர்வாதம் என்று கையெழுத்துப் போட்டான். நன்றாகத்தான் வந்தது. இனி கம்ப்யூட்டரில் அண்ணன் வேலைக்குப் போகமாட்டான். ஸ்டோரில் அவன் மஞ்சள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு பச்சை ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். புதிதாய்ச் சேருகிறவர்களுக்குப் பச்சை.

ஷெட்டுக்குள் நுழைந்தபோது கிரேனில் இன்னொரு ஆபரேட்டர் ராபின் இருந்தான். காந்தத்தில் இரும்புக் கட்டிகள் ஒட்டித் தொங்க, ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். பரசுராமன் இவனைப் பார்த்ததும் கிட்டத்தில் வந்து காதருகே கத்தினான்.

“இன்னாய்யா ஆசீர்வாதம்! மேல ஏறாம பச்சத் தொப்பியோட நிக்கிற?”

“என் பேரு ஜோசப்பு.”

“இன்னா?”

“ஜோசப்பு! ஆசீர்வாதம் எங்கண்ணன்! நீ பேனர்ல பாத்தியே, அவன்தான். எங்கண்ணன்ய்யா. செத்துட்டான்.”

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், கூட வேலை பார்க்கிற ஒருவனிடம், ‘எங்கண்ணன் செத்துட்டான்’ என்று அவன் சொல்வது இதுவே முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது நடந்தது போலிருந்தது. பரசுராமனின் முகத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஒரு கணம் வந்து அப்படியே செத்தது. ஜோசப் நின்ற இடத்திலேயே, பாரம் போகிற வழியிலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட் உருண்டு போயிற்று. பொங்கலுக்கு முன்னால் வர வேண்டிய அழுகை அப்போது வந்தது.

பரசுராமன் மேலே பார்த்தான். தோளிலிருந்து துண்டை உருவித் தலைக்கு மேல் சுற்றினான். பாடத்தில் தவறு என்று சொன்ன அதே சாடை. ராபின் லீவரைப் பிடித்து நிறுத்தினான். பாரம் இரண்டு தரம் ஆடி நின்றது. யாரோ ஒரு பீகார்க்காரன் ஹெல்மெட்டைப் பொறுக்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். ஜோசப் வாய்விட்டு அழுதான். உலை இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் அழுது முடிக்கிற வரைக்கும் பரசுராமன் துண்டை இறக்கவில்லை.